பெரிய கஷ்டங்களைத் தாங்கிக்கொள்கிறோம், சின்னச் சின்ன எரிச்சல்களை மட்டும் ஏன் தாங்க முடிவதில்லை?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள். சிரிக்காதீர்கள், இதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் சொல்லிக்கொடுத்ததுதான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் கதவு லேசாக இறங்கியிருந்தது. ரொம்ப இல்லை, ஒரு நூல் அளவுதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு நூல் இறக்கத்தால் தாழ்ப்பாள் தண்டு நிலையில் இருக்கும் துளைக்குள் போகாமல் கீழே முட்டி நின்றுவிடும். கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, தூக்கிய வாக்கிலேயே இன்னொரு கையால் தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும். திறக்கும்போதும் அதே வித்தை. அவசரத்தில் போகிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். இப்படி மூன்று வருடம் ஓட்டினேன். ஒருநாள் வெறுத்துப்போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று விநாடி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 13,140 விநாடி, அதாவது 3 மணி 39 நிமிடம். வாழ்க்கையில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சரி, இதில் என்ன இருக்கிறது, ஒரு தச்சரைக் கூப்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே. இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடுவதா என்று தோன்றும். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் 'இந்த ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்துவிட வேண்டும்' என்று நினைப்பேன், வெளியே வந்து கையைத் துடைப்பதற்குள் அந்த நினைப்பு போய்விடும்.

இதே மூன்று வருடத்துக்குள் எனக்கு ஒருமுறை வேலை போனது. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து யார் யாரைக் கேட்கலாம் என்று எழுதினேன், மறுநாள் காலையில் கூச்சத்தை விட்டுப் போன் செய்தேன், நண்பர்கள் வந்து பேசினார்கள், வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பொறுப்பாக நடந்துகொண்டார்கள், இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது. வேலை போன கதை முடிந்தது. தாழ்ப்பாள் கதை அதற்கு அப்புறமும் ஒன்றரை வருடம் நடந்தது.

ஹார்வர்டில் இருக்கும் உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2004-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தபோது என் தாழ்ப்பாளையே பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. அவர்கள் சொல்வது இதுதான். ஒரு துன்பம் ஓர் அளவைத் தாண்டினால்தான் மனது அதைச் சமாளிக்கும் வேலையில் இறங்குகிறது, காரணம் தேடுகிறது, ஆறுதல் சொல்லிக்கொள்கிறது, உதவி கேட்கிறது. அந்த அளவை எட்டாத துன்பத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் நடப்பதில்லை, அதனால் சில சமயம் சின்னது பெரியதைவிட அதிக நாள் நின்றுவிடுகிறது. இதற்கு ஓர் எளிய உதாரணமும் தருவார்கள். பக்கத்து இடத்துக்கு நடந்தும் தூரத்து இடத்துக்குச் சைக்கிளிலும் போகிற ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நடக்க அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், இரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் போக எட்டு நிமிடம் போதும். (தூரமும் நேரமும் நான் போட்டது, யோசனை அவர்களுடையது.) தூரமான இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். என் வேலை போனது சைக்கிளில் போன தூரம், தாழ்ப்பாள் நடந்தே போன தூரம்.

சின்ன எரிச்சல்களை எல்லாம் கூட்டினால் எவ்வளவு வரும் என்பதையும் வேறு சிலர் பார்த்திருக்கிறார்கள். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கையின் பெரிய திருப்பங்களை 43 வகையாகப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள், துணையை இழப்பதற்கு 100, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. மனத்தை உலுக்குவது இந்த மாதிரிப் பெரிய சம்பவங்கள்தான் என்று கொஞ்ச காலம் எல்லோரும் நம்பினார்கள். 1981-ல் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் இருந்த குழு வேறு மாதிரி ஒரு பட்டியலோடு வந்தது. பொருளை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவதில் ஆரம்பித்து 117 அன்றாடத் தொல்லைகள். (117 கேள்விகள் உள்ள படிவத்தை மாதாமாதம் நிரப்புவதே 118-வது தொல்லையாக இருந்திருக்கும்.) நூறு பேரைப் பல மாதங்கள் பின்தொடர்ந்ததில், யாருக்கு மனம் எவ்வளவு வாடியிருக்கிறது என்பதைப் பெரிய சம்பவங்களைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகள் சரியாகச் சொல்லின. மனம் வாடியிருப்பவனுக்கு எல்லாமே தொல்லையாகத்தான் தெரியும், இதில் எது முதலில் என்று எப்படிச் சொல்வது என்ற எதிர்வாதம் உண்டு, அதுவும் நியாயமானதே. இருந்தாலும் நம் ஆட்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. சங்கப் பாட்டு ஒன்றில் ஒரு வீரன் பகைவர்களுக்கு எப்படிப்பட்டவன் என்று சொல்ல வந்த புலவர் மலையையும் யானையையும் விட்டுவிட்டுச் செருப்புக்குள் மாட்டிய சின்னப் பரல்கல்லைச் சொல்கிறார். செருப்பில் கல்லோடு பத்தடி நடந்தவர்தான் அப்படி எழுத முடியும்.

கற்களிலும் வகை இருக்கிறது. சில யார் மேலும் பழி போட முடியாதவை. இயர்போன் ஒயரை அழகாகச் சுற்றிப் பையில் போட்டால் எடுக்கும்போது இடியாப்பச் சிக்கலாக வருகிறதே, அது நம் அஜாக்கிரதை இல்லை. 2007-ல் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் கயிற்றை ஒரு பெட்டிக்குள் போட்டு 3,415 தடவை உருட்டிப் பார்த்தார்கள். பல தடவை சில விநாடிகளிலேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. நீளம் 46 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மட்டும் விழுவதே இல்லை. அவ்வளவு குட்டையான ஒயரை வைத்துக்கொண்டு போனைக் கழுத்தில்தான் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் செய்தி தெரிந்த பிறகும் ஒயர் சிக்கத்தான் செய்கிறது, ஆனால் எனக்குக் கோபம் வருவது குறைந்துவிட்டது. அப்புறம் பக்கத்து வரிசை மட்டும் வேகமாக நகர்வதும் இதே கணக்குதான். மூன்று வரிசை இருந்தால் நாம் நிற்பது மூன்றிலும் வேகமானதாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புத்தான், பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு வரிசைதான் முந்தும். அதிலும் நம் வரிசை முந்திய நாட்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

எனக்குக் கடுப்பு ஏறுவது யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து எடுத்த முடிவால் வருகிறவற்றில்தான். பழைய யுஎஸ்பி செருகியை எடுத்துக்கொள்ளுங்கள். செருகினால் போகாது, திருப்பினால் போகாது, மறுபடி திருப்பினால் போகும். இருக்கிற பக்கமே இரண்டு, மூன்றாவது தடவை எப்படிச் சரியாகிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1996-ல் அது வந்தபோதே இரண்டு பக்கமும் செருகும்படி செய்திருக்கலாம், ஆனால் கம்பிகளும் சுற்றுகளும் கூடும், செலவு ஏறும் என்று விட்டுவிட்டார்கள். அதை உருவாக்கிய குழுவை நடத்திய அஜய் பட் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். எப்படியும் செருகலாம் என்ற சி வகை 2014-ல்தான் வந்தது. இந்தப் பதினெட்டு வருடத்தில் உலகம் முழுக்க எத்தனை கோடித் தடவை திருப்பியிருப்பார்கள், யாராவது என் தாழ்ப்பாளுக்குப் போட்ட மாதிரி கணக்குப் போட்டால் தேவலை.

கடவுச்சொல் இதைவிட மோசம். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, போன தடவை வைத்தது கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. இந்தப் பழக்கம் பரவியதில் 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர் என்பவர் 2017-ல், ஓய்வு பெற்ற பிறகு, அதில் பெரும்பாலானதை நினைத்து வருந்துவதாகச் சொன்னார். மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டி வைப்பார்கள் என்பதுதான் நடந்தது (நானும் அப்படித்தான், ஏழு வரை வந்துவிட்டேன்). அந்த அமைப்பே அந்த வருடம் கட்டாயமாக அடிக்கடி மாற்றும் விதியைக் கைவிட்டது. எழுதியவர் வருந்திவிட்டார், வெளியிட்டவர்கள் கைவிட்டுவிட்டார்கள், எனக்கு மட்டும் போன வாரம்கூட 'உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது' என்று வந்தது.

மூன்றாவது வகை பக்கத்தில் இருக்கும் மனிதர்கள். பயணத்தில் அடுத்த இருக்கைக்காரர் போனில் பேசுவது, இரண்டு பேர் நேரில் பேசிக்கொண்டு வருவதைவிட ஏன் காதைக் குடைகிறது என்று யோசித்ததுண்டா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் குழு 2010-ல் இதைச் சோதித்தது. ஒருபக்கப் பேச்சு மட்டும் காதில் விழும்போதுதான் கவனம் அதிகம் சிதறுகிறது, இரு பக்கமும் கேட்டால் அந்த அளவுக்கு இல்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததை மூளை விடாமல் துரத்துகிறதாம். "அய்யய்யோ... அப்புறம்?... அவளா?... சரி நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டால் நம் கதி என்ன? அவள் யார் என்று தெரியாமலே இறங்க வேண்டியதுதான்.

சரி, தாழ்ப்பாளுக்கு வருகிறேன். அது எப்படி முடிந்தது என்றால், வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். தூக்கித் திறக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் இழுக்க இழுக்க அது இன்னும் இறுகிக்கொண்டது. வெளியே நின்று நான் "கைப்பிடியைத் தூக்குங்க, தூக்கிக்கிட்டே இழுங்க" என்று கத்த, உள்ளே இருந்து "எந்தக் கைப்பிடி?" என்று அவர் கேட்க, கால் மணி நேரம் ஓடியது. வெளியே வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். மூன்று வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை, "இப்பதான், கொஞ்ச நாளா" என்றேன்.

அவர் போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேல் கீலில் இரண்டு ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்தன, மரத்தில் துளை அகன்றுவிட்டது, அவ்வளவுதான். மருந்தை உடைத்துப் போட்ட தீக்குச்சிகளைப் பசை தடவித் துளைக்குள் திணித்து, மேலே திருகி முடுக்கினேன். பத்து நிமிடம். தாழ்ப்பாள் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. சந்தோஷத்தைவிட அவமானமாகத்தான் இருந்தது.

அந்த உற்சாகத்தில் மனைவியிடம், "உனக்கு இந்த வீட்டில் இப்படி எரிச்சலூட்டுவது எதாவது இருந்தால் சொல், இன்றைக்கே முடித்துவிடுகிறேன்" என்றேன். ஜன்னல், குழாய் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை. அலமாரிக் கதவைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டுப் போவது, பற்பசை மூடியைக் கழுவுதொட்டி ஓரத்தில் வைப்பது, கூப்பிட்டால் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் கழித்து வருவது, பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பார்த்துக்கொண்டு "ம்" போடுவது என்று ஆரம்பித்து ஏழாவதில் நானே நிறுத்தினேன். "இதையெல்லாம் ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவே இல்லை?" என்று கேட்டதற்கு, "இதுக்கெல்லாமா உக்காந்து சண்டை போடுவாங்க?" என்றாள். கில்பர்ட்டைப் படிக்காமலே.

அந்த ஏழில் எனக்கு உறைத்தது சாவிதான். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சாவிக்கொத்தை மேஜைமேல் 'சளங்' என்று போடுவேனாம், ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது தூக்கிப்போடுமாம். ஒன்பது வருடமாக. நான் அப்படிப் போடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கே கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, சத்தமில்லாமல் சாவியை மாட்டினேன்.

மறுநாள் காலையில் வெளியே கிளம்பிய அவசரத்தில் மேஜை மேலும் மேஜைக்கு அடியிலும் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "சாவியை எங்க வெச்சீங்க? ஒரு பொருள் வெச்ச இடத்துல இருக்கா இந்த வீட்டுல!"