ஹட்டன் குளிரில் கெளுத்தி டேங்க்: கூட எந்த மீனை விடலாம்?

ஹட்டனில் இருக்கிறேன், இரண்டரை அடி டேங்க் வாங்கியிருக்கிறேன், கெளுத்தி வகை வளர்க்க ஆசை, அதோடு எந்த மீன்களைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தலவாக்கலைப் பக்கம். உங்களுக்கும் எனக்கும் ஒரே குளிர்தான், அதனால் என் டேங்கில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

மீன் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒரு வாரம் டேங்கில் போட்டு வையுங்கள். எங்கள் முன்காம்பராவில் ஜனவரி விடியற்காலையில் தண்ணீர் 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும். கொழும்பில் வளர்ப்பவர் 27 டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு சொல்லும் பட்டியல் நமக்கு உதவாது. ஹீட்டர் போடலாம்தான். ஆனால் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துத்தான் மீன் வாங்க வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது என்னிடம் கண்ணாடிக் கெளுத்தி ஆறு இருந்தது. உடம்புக்குள் முள் தெரியும், அவ்வளவு அழகு. பில்டரும் நின்று, ஹீட்டரும் நின்று, நான்கு நாளில் ஆறும் போய்விட்டன. அதே டேங்கின் அடியில் இருந்த பெப்பர் கோரி என்ற சின்னக் கெளுத்திகள் ஒன்றுகூடச் சாகவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் விர்ரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். கோரி வகை மீன்கள் விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரை மூடி வரைக்கும் நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள்.

ஆகவே என் முதல் தேர்வு பெப்பர் கோரிதான். உடம்பெல்லாம் மிளகைத் தூவிவிட்ட மாதிரி இருக்கும், மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது. உருகுவே, ஆர்ஜென்டினா பக்கத்து ஆறுகள்தான் இதன் சொந்த ஊர். அங்கே உண்மையான குளிர்காலம் உண்டு, அதனால் 18 டிகிரி இதற்குப் புதிதில்லை. டார்வின் பீகிள் கப்பலில் போனபோது சேகரித்து வந்த மீன்களில் இதுவும் ஒன்று, 1842இல் விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். ஸ்டெர்பா கோரி என்ற இன்னொரு வகை இதைவிடக் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதற்கு 25 டிகிரியாவது வேண்டும். நமக்கு வேண்டாம்.

ஒரே வகையில் ஆறு வாங்குங்கள். கடையில் பார்க்கும்போது இதில் இரண்டு, அதில் இரண்டு என்று எடுக்கத்தான் மனம் வரும். அப்படி எடுத்தால் எல்லாமே கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். ஆறு சேர்ந்தால் மீசையால் மணலைக் கிளறிக்கொண்டு கூட்டமாக மேயும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த மீசைக்காகவே கூர்மையான கல் போடாதீர்கள். நன்றாக அலசிய ஆற்று மணல் ஒன்றரை அங்குலம் போதும்.

அப்புறம், கெளுத்தி என்றாலே சாது என்று நினைத்துவிடாதீர்கள். கண்டியில் ஒரு கடையில் "இதுவும் கோரி மாதிரிதான்" என்று சொல்லி பிக்டஸ் என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளி, வால் வரைக்கும் நீளும் மீசை. அப்போது என்னிடம் நியான் டெட்ரா எட்டு இருந்தது. காலையில் எண்ணினால் ஏழு, மறுநாள் ஆறு. செத்த மீனும் இல்லை, வெளியே குதித்ததும் இல்லை. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன். வயிறு புடைத்துப்போய், வாயின் ஓரத்தில் ஒரு சிவப்பு வால் தெரிய, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிடிக்கப் போனால் பக்கத்துத் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் அதை விடுவித்தேன். அன்றிலிருந்து கெளுத்தி எது வாங்கினாலும் வாயின் அகலத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இரவில் நடமாடும் மீனுக்கு வாயில் அடங்குவதெல்லாம் தீனிதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒஸ்கார் போன்ற பெரிய மீனோடு கோரியை விட்டால், விழுங்கப் பார்க்கும்போது கோரி முள்ளை விறைத்துக்கொள்ளும். தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும்.

மேலே நீந்துவதற்கு வைட் கிளவுட் மின்னோ எட்டு விடலாம். சீனாவின் குவாங்டொங் மலை ஓடை மீன் அது, 18 முதல் 22 டிகிரி அதற்குச் சொர்க்கம். கிடைக்காவிட்டால் சீப்ரா டேனியோ. எனக்கு மிகவும் பிடித்தது நம் நாட்டுக்கே உரிய பிளாக் ரூபி பார்ப். வேறெந்த நாட்டு ஆற்றிலும் இது இயற்கையாகக் கிடையாது. ஆண் மீன் நிறம் ஏறினால் தலை முழுக்கச் சிவந்து உடம்பு கறுத்துவிடும். பண்ணையில் வளர்த்ததை மட்டும் கேட்டு வாங்குங்கள், ஓடையில் பிடித்து வருகிறவர்களிடம் வாங்க வேண்டாம். டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பைக் கடிக்கும். கப்பியும் மோலியும் நம் தண்ணீரில் சோர்ந்துபோகின்றன. எங்கள் பீலித் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டாலே நுரை பொங்கும், அவ்வளவு மென்மை. அவற்றுக்குக் கடினத் தண்ணீர் வேண்டும்.

கோல்ட் பிஷ்ஷோடு "டேங்க் கிளீனர்" என்று விற்கும், வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தியைச் சேர்க்கச் சொல்லி நிறையப் பேர் ஆலோசனை தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரவில் அது கோல்ட் பிஷ்ஷின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டித் தின்னும், அந்த இடம் புண்ணாகும். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு மேல் கொத்மலை நீர்த்தேக்கத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடவே கூடாது. கரையில் வளை தோண்டும், மீனவர்களின் வலையைக் கிழிக்கும், இலங்கையில் பல இடங்களில் ஏற்கெனவே பரவிவிட்டது. பாசி சுரண்ட ஒன்று வேண்டுமென்றால் பிரிசில்நோஸ் என்ற சின்னக் கெளுத்தி ஒன்றே ஒன்று வாங்கி, ஒரு மரத்துண்டும் போட்டு, தண்ணீர் 21, 22 டிகிரியில் நிற்கிற மாதிரி ஹீட்டரை வையுங்கள். ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். இரண்டு ஆண்களை மட்டும் சேர்க்காதீர்கள்.

இந்தக் கெளுத்திகள் எதுவும் குப்பை பொறுக்கும் மீன்கள் இல்லை. லைட்டை அணைத்த பிறகு, அடியில் போய் விழும் தீனியைத் தனியாகப் போட வேண்டும்.

மழைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரால் மாற்றிவிட்டுக் காத்திருங்கள். பெண் கோரி அடிவயிற்றுத் துடுப்பு இரண்டையும் கிண்ணம்போலக் குவித்து, இரண்டு மூன்று முட்டைகளை ஏந்திக்கொண்டு போகும். கண்ணாடியில் ஒரு இடத்தை வாயால் துடைக்கும், பிறகு வயிற்றை அழுத்தி முட்டையை ஒட்டும். பார்ப் மீன்கள் தின்பதற்குள் அவற்றை வழித்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுவிட வேண்டும். என்னிடம் இப்போது அப்படிப் பொரித்த குஞ்சு பதினொன்று இருக்கிறது. உங்கள் டேங்கில் பில்டர் ஓடத் தொடங்கி ஒன்றரை மாதம் ஆனதும் சொல்லுங்கள், ஆறு தருகிறேன். பஸ்ஸில் கொண்டுபோகும்போது பயந்தால் கோரி நஞ்சு கக்கும், அதனால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டுப் பைத் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள்.