நடுவில் இறங்கும் ஊருக்கும் சேர்த்துப் பெட்டி கட்டுங்கள்: கேள்வி பதில்

வணக்கம். வளைகுடா விமான நிலையம் ஒன்றில் 14 வருடம் விமானம் மாறுகிறவர்களுக்கு உதவும் டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டரில் வேலை பார்த்தேன். இப்போது முத்தியால்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கமும் யார் வெளிநாடு கிளம்பினாலும் இரண்டு நாள் முன்னால் எனக்கு ஒரு போன் வரும். இந்த முறை எல்லோரும் கேள்விகளை மொத்தமாக அனுப்பிவிட்டீர்கள். நானும் கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு மொத்தமாகவே பதில் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம்: துபாயில் ஆறு மணி நேரம் உட்காரப் போகிறேன், அவ்வளவுதான். வெளியே போகவே மாட்டேன். அந்த ஊர்ச் சட்டத்துக்கும் என் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் அக்கா?

தம்பி, எல்லோரும் தடுக்கி விழுகிற இடமே இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே புக்கிங்கில் இருந்தால், பெரும்பாலும் சென்னையில் போடுகிற பெட்டி கடைசி ஊரில்தான் உங்கள் கைக்கு வரும். சென்னை கவுன்ட்டரில் பெட்டிக்கு ஒட்டுகிற டேக்கில் மூன்று எழுத்து பெரிதாக இருக்கும். அது உங்கள் கடைசி ஊரின் எழுத்துதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். பாரீஸ் போகிறவருக்கு சி.டி.ஜி. என்று இருக்க வேண்டும். டி.எக்ஸ்.பி. என்று மட்டும் இருந்தால் பெட்டி துபாயிலேயே இறங்கிவிடும். விலை குறைவு என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். அப்போது நீங்கள் குடியேற்றம் தாண்டி, பெட்டியை எடுத்து, சுங்கத்தையும் கடந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நீங்கள் அந்த நாட்டுக்குள் போனவர்தான்.

அடுத்தது, விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால் இரவு ஹோட்டலுக்கு அனுப்புவார்கள். போட்ட பெட்டி உள்ளேயே இருக்கும், கைப்பை உங்களோடு வெளியே வரும். வெளியே போகிற எண்ணமே இல்லாமல் கிளம்பிய எத்தனையோ பேர் பேந்தப் பேந்த விழித்தபடி சுங்க வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டிரான்சிட் பகுதியில் உட்கார்ந்திருந்தாலும் அது அந்த நாட்டு மண்தான். போதைப்பொருள் சட்டம் அங்கேயும் செல்லும். கைப்பையை அங்கே மறுபடி ஸ்கேன் செய்வார்கள். அதனால் டிக்கெட்டில் எத்தனை ஊர் இருக்கிறதோ, அதில் எது மிகக் கண்டிப்பான ஊரோ, அதற்குத் தகுந்தபடி பெட்டியைக் கட்டுங்கள்.

நெல்லித்தோப்பு: மகள் அபுதாபி வழியாக லண்டன் போகிறாள். குருமாவுக்கு மசாலா அரைத்துக் கொடுக்கலாமா?

கொடுங்கள் அம்மா. ஆனால் கசகசா ஒரு மணி கூட அதில் இருக்கக் கூடாது. கசகசா அபின் செடியின் விதை. நம் ஊர் மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது, அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். சமையலுக்கு எடுத்துப்போய் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் போதைத் தடுப்புப் பிரிவின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

தனிப் பொட்டலம் மட்டும் இல்லை. வீட்டில் அரைத்த குருமாப் பொடி, கடையில் வாங்கிய மசாலாக் கலவை, கசகசா தூவிய பன், பிஸ்கட் எல்லாவற்றையும் பாருங்கள். கடைப் பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும், அதைப் படிக்காமல் உள்ளே வைக்காதீர்கள். குருமா கெட்டியாக வருவதற்குத்தானே கசகசா? பண்ருட்டி முந்திரியை அரைத்துவிட்டால் அதைவிட நன்றாக வரும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. விடுமுறை முடிந்து நான் திரும்பும்போது அம்மா அன்பாக ஒரு டப்பா கட்டி வைத்திருந்தார். கிளம்புகிற ராத்திரி சும்மா கேட்டபோதுதான் அதில் கசகசா இருப்பது தெரிந்தது. அந்த வேலையில் இருந்த நானே கேட்காமல் போயிருப்பேன். அதனால் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும் உங்கள் மகளே திறந்து பார்த்துப் போடட்டும்.

சப்ஜா விதை வேறு, கசகசா வேறு. ஆனால் பெயர் எழுதாத பிளாஸ்டிக் கவரில் சின்ன விதையாக எது இருந்தாலும் விளக்கம் சொல்லியே நேரம் போய்விடும். அதையும் விட்டுவிடுங்கள்.

வில்லியனூர்: அம்மாவுக்குச் சர்க்கரை, கால் எரிச்சல், முட்டி வலி. துபாயில் தம்பி வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு பிரான்ஸ் போகிறோம். மாத்திரைகளை எப்படி எடுத்துப்போவது?

சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் பயப்பட வேண்டாம். கால் எரிச்சலுக்கும் முட்டி வலிக்கும் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கால் எரிச்சலுக்கு நம் டாக்டர்கள் சர்வ சாதாரணமாக எழுதுவது பிரிகாபலின். முட்டி வலிக்குச் சிலருக்கு டிரமடால் கலந்த மாத்திரை. தூக்கத்துக்கு அல்பிரசோலம். இருமலுக்குக் கோடீன் கலந்த சிரப். இவை எல்லாமே அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. மாத்திரையின் கடைப் பெயரைப் பார்த்தால் இது தெரியாது. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும்.

நீங்கள் மூன்று நாள் வெளியே தங்குவதால் அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்கிவிடுங்கள். டாக்டர் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஏற்ற வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் உட்காராதீர்கள், இரண்டு வாரம் முன்னாலேயே செய்யுங்கள்.

ஜிப்மரில் பார்ப்பவரோ தனியாரில் பார்ப்பவரோ, ஓ.பி. சீட்டு மட்டும் போதாது. நோயின் பெயர், மருந்துப் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை என்று டைப் செய்த ஆங்கிலக் கடிதம் ஒன்றில் டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மாத்திரைகளை அட்டையோடு, பில்லோடு எடுத்துப்போங்கள். காலை, மதியம், இரவு என்று பிரித்த அந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டால் எது என்ன மாத்திரை என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாத அளவுக்கு மேல் வேண்டாம்.

நாட்டு மருந்தும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சில பழைய லேகியங்களில் கஞ்சா இலை சேரும். பெயர் ஒட்டாத லேகியம், சூரணம் எதுவும் பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

லாஸ்பேட்டை: சிங்கப்பூரில் ஒரு நாள் தங்கி மெல்போர்ன் போகிறேன், படிக்க. சிங்கப்பூரில் சூயிங்கம் கூடத் தடையாமே?

ஆமாம், 1992லிருந்து. மருத்துவத் தேவைக்கான சில கம்களுக்கு மட்டும் 2004இல் விலக்கு வந்தது. ஆனால் நான் கவலைப்படுவது கம்மைப் பற்றி இல்லை. யாராவது நண்பன் வேப் (மின் சிகரெட்) வைத்திருந்தால் உங்கள் பையில் போட விடாதீர்கள். 2018 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம். ஹான்ஸ், குட்கா, கைனி வகையறாவும் தடை. சிகரெட்டுக்கு வரிச் சலுகையே கிடையாது, திறந்த பாக்கெட்டைக் கூடச் சொல்லி வரி கட்ட வேண்டும். துப்பாக்கி வடிவ லைட்டர், பட்டாசு இரண்டும் ஆகாது.

மெல்போர்னில் கவலையே வேறு. அங்கே பூச்சியும் நோயும் விவசாயத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று பார்ப்பார்கள். வருகை அட்டையில் உணவு, விதை, மரப்பொருள் பற்றிய கேள்விகளுக்கு ஆம் என்று டிக் போடுங்கள். முறுக்கு, பருப்புப் பொடி, மரப் பிள்ளையார், ருத்ராட்சம் எல்லாம் இதில் அடங்கும், ருத்ராட்சமும் விதைதானே. சொன்ன பொருளை அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம், விசா ரத்து வரை போகும். பக்கத்து நியூசிலாந்தில் சொல்லாத ஒரு பழத்துக்கு 400 நியூசிலாந்து டாலர் அந்த இடத்திலேயே.

விபூதிப் பொட்டலத்தைக் கைப்பையில் வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா போகிற விமானத்தில் உப்பு, மண் போன்ற பொடிகளுக்குக் கைப்பையில் 350 மில்லி வரைதான் அனுமதி. கம்பெனி பாக்கெட்டாக வாங்கிப் பெட்டியில் போடுங்கள்.

உழவர்கரை: பேரப்பிள்ளை பாரீஸில். கருவாடு எடுத்துப்போகலாமா? பக்கத்து வீட்டில் முடியாது என்கிறார்கள்.

தாராளமாக எடுத்துப்போங்கள் அம்மா, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மீன், கருவாடு, மீன் ஊறுகாய் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு. வாசனை வராமல் இரண்டு மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், மற்றவர்கள் பெட்டியும் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் கறியும் பாலும் கூடாது. மட்டன் தொக்கு, உப்புக்கண்டம், நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். குழந்தைக்குப் பால் பவுடர் என்றால் பிரிக்காத டப்பாவாக 2 கிலோ வரை சரி.

பழத்தில் ஐந்துக்குத்தான் தாவரச் சான்றிதழ் தேவையில்லை: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியான். மாம்பழத்துக்கும் பண்ருட்டிப் பலாவுக்கும் சான்றிதழ் வேண்டும், பச்சைக் கறிவேப்பிலைக்கும் அப்படித்தான். கறிவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கிக் கொடுங்கள். தேங்காய் என்றால் பச்சைத் தேங்காய். கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று விமான விதிகளில் அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

தேவனாம்பட்டினம்: அண்ணன் அமீரகத்தில் படகில் வேலை செய்கிறார். வலை வாங்கி வரச் சொல்கிறார்.

வேண்டாம் தம்பி. நைலான் மீன்வலை துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலிலேயே இருக்கிறது. வெற்றிலையும் அப்படியே. அண்ணன் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

அரியாங்குப்பம்: இங்கே பாட்டில் விலை குறைவு. குவைத்தில் இருக்கும் நண்பர்களுக்கு...

குவைத்துக்கு ஒரு சொட்டுக் கூடக் கூடாது. சவுதிக்கும் அப்படியே. ஷார்ஜாவிலும் மதுவுக்குத் தடை உண்டு. பிரான்ஸ் போகிறவர் 22 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவில் ஒரு லிட்டர் கொண்டுபோகலாம், ஆனால் நடுவில் வளைகுடாவில் பெட்டியை எடுக்க வேண்டிய டிக்கெட் என்றால் அதுவும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம்: நியூயார்க்கில் மாறி டொரன்டோ போகிறேன். பெட்டி நேராகப் போய்விடும்தானே?

பெரும்பாலும் போகாது. அமெரிக்காவில் வெளியே வராமல் விமானம் மாறுகிற ஏற்பாடே கிடையாது. இந்தியாவிலிருந்து போகிறவர் பெரும்பாலும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து மறுபடி பெட்டியைப் போட வேண்டும். அமெரிக்க விசாவும் வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்புக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக டிக்கெட் எடுக்காதீர்கள். கறிவேப்பிலை, பழம், கறி எதுவும் பெட்டியில் வேண்டாம்.

காலாப்பட்டு: 14 மணி நேரக் காத்திருப்பு. கைப்பையில் என்ன வைக்க?

ஒரு செட் துணி, ஸ்வெட்டர் (உள்ளே ஏசி நடுக்கும்), பல்துலக்கி, இரண்டு நாள் மாத்திரை, பேனா, டிக்கெட்டையும் விசாவையும் தாளில் அச்செடுத்த பிரதி, தங்கும் வீட்டு முகவரி. போன் எப்போது சார்ஜ் இறங்கும் என்று சொல்ல முடியாது. துபாய், தோஹா, சிங்கப்பூர் எல்லாம் தட்டையான மூன்று முள் பிளக்தான், அதற்கொரு அடாப்டர் போதும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், அதன் கொள்ளளவு 100 வாட் மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட் மணி, அது சரி. எமிரேட்ஸில் 2025 அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஒன்றுதான், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது.

சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லி நல்லது. சட்னி, ஊறுகாய், தயிர் எல்லாம் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

பாகூர்: நகை போட்டுக்கொண்டு போகலாமா?

போகலாம். நிறைய என்றால் சென்னையில் கிளம்பும்போதே இந்தியச் சுங்கத்திடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன நகைதான் என்று அந்தக் காகிதம் பேசும். ரொக்கம் என்றால் அமீரகத்தில் 60,000 திர்ஹாமுக்கு மேலும், சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேலும், ஐரோப்பாவில் 10,000 யூரோவிலிருந்தும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்: மாமாவுக்குத் தெரிந்தவர் ஒரு சின்னப் பார்சல் கொடுத்திருக்கிறார். ஸ்வீட்டும் மருந்தும் என்கிறார். சிங்கப்பூரில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வாராம். எப்படி மறுப்பது அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உனக்கு நன்றி தங்கச்சி. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினாலோ, 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினாலோ மரண தண்டனை. 15 கிராம் என்பது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அளவுதான். பெட்டி உன்னுடையது என்றால், உள்ளே இருந்தது தெரியாது என்று நீதான் நிரூபிக்க வேண்டும்.

என் கவுன்ட்டர் முன்னால் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், தமிழ்ப் பையன். "ஊர்க்காரர் கொடுத்தது, நான் பிரிக்கவே இல்லைக்கா" என்று என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதனால் பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிடு. பிரித்துப் பார்த்துவிட்டு எடுத்துப்போகலாமா என்று யோசிக்காதே, நீ பிரித்துப் பார்த்தாலும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் பெட்டியை நீயே அடுக்கு, நீயே பூட்டு, சாவி உன்னிடமே இருக்கட்டும். மாமா மனம் நோகும் என்று தயக்கமாக இருந்தால் முத்தியால்பேட்டை அக்கா கூடாது என்று சொல்லிவிட்டார் என்று என்னைச் சொல்லிவிடு. அவர் கோபம் என் மேல் இருக்கட்டும்.