வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கல்லூரியில் மாற்றுத்திறன் மாணவர்களும் சேவை நாய்களும்

கேள்வி: என் மகள் பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உடையவள். இங்கே கல்லூரித் தேர்வுகளை, அவள் சொல்வதைக் கேட்டு எழுதுபவரின் உதவியோடும், மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரத்தோடும் எழுதித் தேறினாள். இப்போது அமெரிக்காவில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. யூடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கு இந்திய அரசு தரும் அடையாள அட்டை) காட்டினால் அங்கும் இந்த வசதிகள் கிடைக்குமா? எங்கள் வீட்டு நாயை ஓர் இணையதளத்தில் பணம் கட்டிச் ‘சேவை விலங்கு’ என்று பதிவு செய்துவிட்டால், அதையும் விடுதியில் வைத்துக்கொள்ளலாம் என்று அங்குள்ள உறவினர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: உங்கள் மகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். அந்த இணையதளத்துக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அங்குள்ள கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்கும் அவற்றின் பாதுகாப்பு உண்டு. ஆனால் பள்ளியில் பிள்ளையின் தேவையைக் கண்டறிவது நிர்வாகத்தின் பொறுப்பு என்றால், கல்லூரியில் தன் தேவையைத் தானே முன்வந்து சொல்வது மாணவரின் பொறுப்பு என்பதே அந்நாட்டு முறை. கேட்காதவருக்கு எதுவும் தானாக வந்து சேராது. எனவே சேர்க்கை உறுதியான உடனேயே, வகுப்பு தொடங்கும்வரை காத்திராமல், பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்துக்கு உங்கள் மகள் எழுத வேண்டும். நீங்கள் அல்ல, அவளே எழுத வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உயர்கல்வியில் மாணவரின் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது என்பதால், அவருடைய ஒப்புதல் இல்லாமல் அலுவலகம் பொதுவாகப் பெற்றோரிடம் பேசாது.

யூடிஐடி அட்டை குறைபாட்டின் விழுக்காட்டைத்தான் காட்டும். அந்த அலுவலகம் அறிய விரும்புவதோ, அக்குறைபாடு படிப்பதையும் எழுதுவதையும் எவ்வாறு தடுக்கிறது என்பதை. ஆகவே எவ்வளவு பெரிய எழுத்தைப் படிக்க முடிகிறது, எவ்வளவு நேரத்தில் கண் சோர்கிறது, இதுவரை எந்த உதவியோடு தேர்வெழுதினாள் என்பனவற்றை விளக்கும் ஆங்கில அறிக்கையைக் கண் மருத்துவரிடமும், தேர்வு வசதி பெற்றதற்கான கடிதத்தைக் கல்லூரியிடமும் இப்போதே வாங்கி வையுங்கள். கூடுதல் நேரம், திரைவாசிப்பு மென்பொருளுக்கு ஏற்ற மின்னணுப் பாடநூல்கள், குறிப்பெடுக்க உதவி ஆகியவை வழக்கமாகக் கிடைப்பவை. எது, எவ்வளவு என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்வார்கள். பாடநூலை மாற்று வடிவில் ஆயத்தப்படுத்த வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால்தான் முந்திக்கொள்ளச் சொல்கிறேன். அன்றாடத் தேவைகளுக்கான தனிப்பட்ட உதவியாளரைக் கல்லூரி தர வேண்டிய கடமை இல்லை.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாணவர் விசாவில் இருப்பவர் பாடச்சுமையைத் தன் விருப்பப்படி குறைத்துக்கொள்ள முடியாது. மருத்துவக் காரணத்துக்காகக் குறைக்கலாம்; அதற்கு மருத்துவரின் கடிதமும், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அதிகாரியுடைய முன் அனுமதியும் வேண்டும்; ஒரு பட்டப்படிப்பு நிலையில் மொத்தம் 12 மாதங்களே அதற்கு வரம்பு. அனுமதிக்கு முன்பே ஒரு பாடத்தை விட்டுவிட்டால் விசா நிலையே ஆபத்துக்குள்ளாகும்.

இனி நாய். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உடற்குறையோ மனநலக் குறையோ உள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யத் தனியாகப் பயிற்றப்பட்ட நாயே சேவை விலங்கு. அதற்கு அரசுப் பதிவேடும் இல்லை, சான்றிதழும் இல்லை. எனவே இணையதளம் விற்கும் அட்டைக்குச் சட்டமதிப்பும் இல்லை. தேவை வெளிப்படையாகத் தெரியாதபோது ஊழியர்கள் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்கு அது பயிற்றப்பட்டிருக்கிறது? உங்கள் வீட்டுச் செல்லத்தால் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முடியாது. பொய் சொல்லி அழைத்துச் சென்றால், உண்மையான வழிகாட்டி நாயோடு அடுத்து வருபவர் மீதுதான் சந்தேகம் விழும்.

அருகில் இருப்பதாலேயே ஆறுதல் தரும் விலங்கு வேறு வகை. அதற்கு வகுப்பறையில் உரிமை இல்லை. ஆனால் குடியிருப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் விடுதி அறைக்கு, குறைபாட்டோடு தொடர்புடைய தேவையை விளக்கி விண்ணப்பிக்கலாம். அச்சட்டம் மாணவர் குடியிருப்புக்கும் பொருந்தும் என்று 2013இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. இருந்தாலும் உங்கள் நாயைக் கொண்டுசெல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், 2024 ஆகஸ்டு முதல் மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்று, இரத்தப் பரிசோதனை என்று நிபந்தனைகள் கடுமையாகியுள்ளன. 2021 முதல், ஆறுதல் விலங்குகளைச் சேவை விலங்குகளாக ஏற்க வேண்டிய கட்டாயமும் விமான நிறுவனங்களுக்கு இல்லை. அங்கு போய் நிலைபெற்றபின், வழிகாட்டி நாய் தேவையா என்பதை உங்கள் மகள் தானே முடிவு செய்யட்டும்.

கேள்வி: நியூஜெர்சியில் படிக்கும் என் மகனுக்கு நீரிழிவு நோய். சர்க்கரை குறைவதை முன்கூட்டி உணர்த்தும் பயிற்சி பெற்ற நாய் அவனோடு வகுப்புக்குச் செல்கிறது. சக மாணவர் ஒருவருக்கு ஒவ்வாமை என்பதால் நாயை வெளியே விடச் சொல்கிறார் பேராசிரியர். இது முறையா?
– ஒரு வாசகர், எடிசன்

பதில்: முறையன்று. ஒவ்வாமையோ அச்சமோ சேவை நாயை விலக்கக் காரணமாகாது என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாய் கட்டுக்கடங்காமல் நடந்து, அதை அடக்க உங்கள் மகன் முயலாவிட்டாலோ, இடத்தை அசுத்தப்படுத்தும் வழக்கம் இருந்தாலோதான் வெளியேற்றலாம். அப்போதும் உங்கள் மகன் நாயின்றி வகுப்பில் தொடர வாய்ப்பளிக்க வேண்டும். எனினும் அந்தச் சக மாணவரின் தொல்லையும் உண்மையானதே. இருவரையும் அறையின் எதிரெதிர் பக்கங்களில் அமர்த்துவது, இயலாவிட்டால் ஒருவருக்கு வேறு வகுப்பு நேரம் ஏற்பாடு செய்வது கல்லூரியின் வேலை. பேராசிரியரோடு வாதிடாமல், நடந்ததைத் தேதியோடு எழுதி, மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்.