சட்டைப் பையில் செல்போன், நெஞ்சில் பேஸ்மேக்கர்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. போன மாதம் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இனி செல்போனையே தொடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அப்பாவோ பழையபடி சட்டைப் பையில்தான் போட்டுக்கொள்கிறார். என்ன செய்வது?

பதில்: அப்பா தாராளமாக செல்போனில் பேசலாம். தயவுசெய்து அதைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். தனியே வெளியே போய்வரும் இதய நோயாளிக்கு, கையில் போன் இருப்பதே ஒரு பாதுகாப்பு. விட வேண்டியது அந்தச் சட்டைப் பையைத்தான்.

பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பொருத்துவார்கள். நம் சட்டைகளில் பையும் இடப்பக்கமே. குனிந்தாலும் சாய்ந்தாலும் போன் கருவியை ஒட்டி வந்துவிடும்.

எல்லோரும் பயப்படுவது கதிர்வீச்சுக்கு. ஆனால் இன்றைய பேஸ்மேக்கர்கள் டைட்டானியம் கூட்டுக்குள், வெளி அலைகளை வடிகட்டும் அமைப்போடு வருகின்றன. என் கவலையெல்லாம் காந்தம்தான். பரிசோதனையின்போதும் அறுவை சிகிச்சையின்போதும் மருத்துவர்கள் பயன்படுத்துவதற்காக, காந்தத்தை உணரும் வசதி இந்தக் கருவிகளில் இருக்கிறது. சுமார் 10 காஸ் (காந்த வலிமையை அளக்கும் அலகு) வலிமையே அதற்குப் போதும். காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் பொதுவாக இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல், ஒரே வேகத்தில் துடிக்க வைக்கத் தொடங்கும். விலக்கினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஐ.சி.டி. என்ற, இதயத்துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி வைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காந்தம் அருகில் இருக்கும்வரை, உயிர்காக்கும் அதிர்ச்சி கொடுக்கும் வேலையை அது நிறுத்திவைக்கலாம். உடம்பில் எதுவும் தெரியாது. ஐபோன் 12-ஐ நெஞ்சருகே கொண்டுபோனதும் ஒரு ஐ.சி.டி. இப்படி நின்றதை அமெரிக்க மருத்துவர்கள் 2021 ஜனவரியில் பதிவு செய்தார்கள். அந்த போனின் முதுகில் சார்ஜ் ஏற்றுவதற்காகக் காந்த வளையம் உண்டு. அப்பாவுக்குப் பொருத்தியது எது என்பது மருத்துவமனை தந்த அட்டையில் இருக்கும், பாருங்கள். அந்த அட்டை எப்போதும் அவர் பர்ஸில் இருக்கட்டும்.

போன் சாதாரணமானதாக இருந்தாலும் உறையைக் கவனியுங்கள். பெரியவர்கள் விரும்பி வாங்கும், புத்தகம்போல் மூடும் உறைகளில் பலவற்றின் மூடியில் காந்தம் இருக்கிறது. கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இயர்போனின் இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் காந்தத்தால்தான். நடைப்பயிற்சியில் அவை தொங்குவது நெஞ்சின்மேல்! வயர்லெஸ் இயர்போன் டப்பாக்களும் அப்படியே.

கருவிக்கும் போனுக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு சாண் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், மனதில் நிற்கும். வயர்லெஸ் சார்ஜர் என்றால் 30 செ.மீ. கருவி இடப்பக்கம் என்றால் வலது காதில் பேசட்டும். பேண்ட் பையிலோ, வேட்டி கட்டுபவர் என்றால் பெல்ட்டுப் பையிலோ போனை வைக்கலாம். பாட்டுக் கேட்டபடி போனை நெஞ்சில் வைத்துத் தூங்கும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

போன் அருகில் இருக்கும்போது திடீரென்று படபடப்போ தலைசுற்றலோ வந்தால், அதைத் தள்ளி வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். உடனே சரியானாலும் மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். சரியாகாவிட்டாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.