‘உள்ளதே போதும்’ - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாயுமானவரின் ‘ஆசைக்கோர் அளவில்லை’ பாடலிலிருந்து ‘உள்ளதே போதும்’ என்பதை மட்டும் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆசை இல்லாவிட்டால் நான் மேலூரைத் தாண்டியே இருக்கமாட்டேன். அரண்மனையில் வேலை பார்த்தவருக்கு ‘போதும்’ என்று சொல்வது எளிதுதானே?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் பார்த்த அந்த வேலையை உதறிவிட்டுத்தான் அவர் கிளம்பினார். சமாதி ராமநாதபுரத்தில் இருக்கிறது. ஒருமுறை போய்வாருங்கள். நீங்கள் மேலூரைத் தாண்டியது நல்ல விஷயம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் பள்ளியில் படித்த பாட்டின் மீதியை எங்கே தொலைத்தீர்கள்? ‘உள்ளதே போதும்’ என்றதும் பாட்டு நிற்கவில்லை. ‘நான்நான் எனக் குளறியே ஒன்றைவிட்டு ஒன்று பற்றி’ என்று அதே மூச்சில் ஓடுகிறது. அதுவரை ‘நினைவர்’, ‘அலைந்திடுவர்’, ‘நெஞ்சு புண்ணாவர்’ என்று ஊராரைச் சொல்லிக்கொண்டு வந்தவர், இந்த இடத்தில் தானே வசமாக அகப்பட்டுக்கொள்கிறார். அப்புறம்தான் ‘பாசக் கடற்குளே வீழாமல் மனதற்ற பரிசுத்த நிலையை அருள்வாய்’ என்கிறார். அருள்வாய்! பாட்டு போய்ச் சேருகிற இடம் அந்தச் சொல்தான். தன் மனதைத் தன்னால் நிறுத்த முடியாது என்று தெரிந்துபோன மனிதர் கையேந்தி நிற்கிறார். அந்தக் கையை வெட்டிவிட்டு, பாதி வரியைப் புத்திமதியாக்கிச் சுற்றுக்கு விடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் பாட்டு என்று நம்பி அவரோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்.

என் அப்பா தெற்காவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நகைப் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் வாளித் தண்ணீரில்தான் கை கழுவுவார். நகக்கண்ணில் ஒட்டிய பொன் துகள்கூட வீணாகக் கூடாது. உட்காரும் பாயை உதறி அந்தத் தூசியையும் பொட்டலம் கட்டி வைப்பார். இந்தப் பாட்டு வருவது அந்த நேரத்தில்தான். ‘அளகேசன் நிகராக அம்பொன் மிக வைத்த பேரும்’ என்னும்போது குரல் கணீரென்று இருக்கும். குபேரனுக்கு நிகராகப் பொன் சேர்த்தவனும் ரசவாதத்துக்கு அலைகிறான் என்பது பொன்னோடு கிடந்தவருக்குத் தெரியாதா? ‘அருள்வாய்’ வந்ததும் குரல் இறங்கிவிடும். அந்த ஒரு சொல்லையே மூன்று நான்கு தடவை இழுப்பார். கை வாளிக்குள் அப்படியே நிற்கும். அப்பா அழுகிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

முழுப் பாட்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள்.

மறுநாள் காலையில் அப்பா அந்த வாளியை மெல்லச் சாய்த்துத் தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, அடியில் படிந்ததை விரலால் வழித்தெடுப்பார். வழித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பிப்பார், ‘ஆசைக்கோர் அளவில்லை…’