பயனீட்டாளர் கேள்வி-பதில்: சபாவின் கினபாலு மலை ஏறப் பணம் கட்டியவர்கள்

கேள்வி: வழிகாட்டியை அமர்த்தாமல் நண்பர்களாகவே ஏறினால் செலவு குறையும் அல்லவா? (கிள்ளான்)

பதில்: குறையும், மலைப்பாதை தொடங்கும் திம்போஹோன் வாயிலோடு திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதால் மற்ற செலவுகளும் சேர்ந்தே குறையும். வழிகாட்டி கட்டாயம்.

கேள்வி: முகநூல் விளம்பரத்தை நம்பி, நால்வருக்கான முன்பணமாக 2,400 ரிங்கிட்டை ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் செலுத்தினேன். பயணத்திற்கு ஒன்பது நாள் இருக்கும்போது "மலையில் இடமில்லை" என்கிறார். பணத்தையும் தர மறுக்கிறார். (சிரம்பான்)

பதில்: உங்கள் மேல் குற்றமில்லை. விற்க இடம் இல்லாமலேயே விற்றிருக்கிறார். வழக்கமான இரண்டு நாள் ஏற்றத்தில் 3,272 மீட்டர் உயரத்திலுள்ள பனாலபானில் ஓர் இரவு தங்க வேண்டும். அங்குள்ள படுக்கைகளோ எண்ணி வைத்தவை. ஆகவே, உங்கள் பெயரில் படுக்கை உறுதியானதற்கான சீட்டு கைக்கு வராதவரை நீங்கள் எதையும் வாங்கவில்லை என்றே பொருள். இன்றே உங்கள் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் அழையுங்கள்; காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். பணம் செலுத்திய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். அவர் இதைத் தொழிலாக நடத்துபவர் என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு செய்யலாம்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை.

கேள்வி: "எல்லாம் அடக்கம்" என்ற பேக்கேஜில் சென்றோம். கினபாலு பூங்கா அலுவலக முகப்பில் அனுமதிக் கட்டணம், வழிகாட்டி, காப்புறுதி என்று மறுபடியும் பணம் கேட்டார்கள். இது நியாயமா? (ஈப்போ)

பதில்: நியாயமில்லை. இந்த "எல்லாம் அடக்கம்" என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எதெல்லாம் என்று எழுதாமல் "எல்லாம்" என்று எழுதுபவர், எழுதாமல் விட்டதை உங்களிடமே திரும்ப விற்கப்போகிறார். பூங்கா நுழைவு, ஏறும் அனுமதி, காப்புறுதி, வழிகாட்டி, பனாலபான் படுக்கை, உணவு, கோத்தா கினபாலுவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேர வாகனப் பயணம், இவை ஒவ்வொன்றும் விலையோடு தனித்தனி வரியாக வர வேண்டும். மலேசியர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. சிங்கப்பூர் உறவினரை அழைத்துச் செல்பவர்கள் அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று பார்த்த பிறகுதான் விலையே பேச வேண்டும்.

கேள்வி: மழையால் உச்சிப் பாதையை மூடிவிட்டார்கள். பாதிப் பணமாவது திரும்பக் கிடைக்குமா? (பினாங்கு)

பதில்: நிபந்தனைகளைப் படித்தீர்களா? படிக்கவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. நீங்கள் வாங்கியது ஏறும் வாய்ப்பை. 4,095 மீட்டர் உச்சியை எவரும் உங்களுக்கு விற்கவில்லை. வானிலைக்காகப் பணம் திருப்பித் தருவதாக உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஈரமான கருங்கல் பாறையில், இருட்டில், கயிற்றைப் பிடித்து ஏறும் இடம் அது. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் அந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. பாதையை மூடுபவர்களோடு பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: எந்தக் காலணி வாங்கலாம்? (ஜொகூர் பாரு)

பதில்: என்னைக் கேட்கிறீர்களே! தள்ளுபடி விற்பனையில் 300 ரிங்கிட்டுக்கு நான் வாங்கிய மலையேற்றக் காலணியின் வலது அடிப்பாகம் நான்காவது கிலோமீட்டரில் வாய் பிளந்தது; பல ஆண்டுகள் கடைக்கிடங்கில் கிடந்து பசை காய்ந்துபோன சரக்கு அது. அதைக் காலோடு சேர்த்துக் கட்ட வழிகாட்டி தன் பையிலிருந்து சணல் கயிறு எடுத்துத் தந்தார். அவர் அணிந்திருந்தது, நம் தோட்டங்களில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் அணியும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, ஊரில் "அடிடாஸ் கம்போங்" என்று சொல்வார்களே, அதுதான்.