முட்டி வீக்கத்தோடு டாக்டரிடம் போகும் தம்பிக்கு

தம்பி, வியாசர்பாடியில் பந்து ஆடும்போது கால் திரும்பி, முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டது, அன்றே வீங்கிவிட்டது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், இப்போது மாடிப்படி இறங்கினால் முட்டி நழுவுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் (லிகமென்ட்) கிழிந்திருந்தால் அதில் தெரியாது. நீங்கள் சொல்வது முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) காயம்போல இருக்கிறது. டாக்டர் முட்டியைக் கையால் இழுத்துப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். தேவைப்பட்டால்தான் எம்ஆர்ஐ.

அதனால் ஜீன்ஸ் வேண்டாம், ஷார்ட்ஸ் போட்டுப் போங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஆடும்போது போட்டிருந்த ஷூ எல்லாம் கையில் இருக்கட்டும். கால் எந்தப் பக்கம் திரும்பியது, வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று இன்றே எழுதி வையுங்கள். அங்கே போனதும் மறந்துவிடும். பதிவு பெற்ற போட்டிகளில் ஆடுகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். வீக்கத்துக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, ஊக்கமருந்து விதிப்படி 2022 முதல் எந்த இடத்தில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடைதான்.

அப்புறம், எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் ஒரு சீசனே போனது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்கள். முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் மட்டும் காலைவரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.